காக்கர் ஸ்பானியலை ஷோ ரிங்குக்குத் தயார் செய்வது: நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு ஏற்ற முழு வழிகாட்டி

இங்கிலீஷ் காக்கர் ஸ்பானியல் நாயை ஷோவுக்கு, அதாவது நாய்க் கண்காட்சிப் போட்டிக்குக் கொண்டுபோக நினைத்தால் முதல் விதி இதுதான்: முதுகில் கிளிப்பர் (முடி வழிக்கும் மின்கருவி) வைக்கக்கூடாது. கோலாலம்பூர்ப் பக்கம் செந்தூலோ பிரிக்ஃபீல்ட்ஸோ பெட்டாலிங் ஜெயாவோ, எந்தக் குரூமிங் கடைக்குள் நாயோடு நுழைந்தாலும் "இந்தச் சூட்டுக்கு சம்மர் கட் அடிச்சிடலாமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள், சரி என்றால் பத்து நிமிடத்தில் முதுகை வழித்தும் விடுவார்கள். வீட்டு நாயாக மட்டும் வளர்ப்பவருக்கு அது பெரிய விஷயமில்லை. ஷோ நாய்க்கு அதோடு பல மாத உழைப்பு போச்சு.

ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்ற எல்லாமே எளிதாகப் புரியும். காக்கரின் முதுகில் இரண்டு அடுக்கு முடி இருக்கிறது. மேலே இருப்பது பளபளப்பான, நிறம் நிறைந்த, முனை கூரான முடி. அடியில் இருப்பது பஞ்சு மாதிரி மெல்லிய, வெளிறிய முடி. கிளிப்பர் இரண்டையும் ஒரே உயரத்தில் நறுக்கிவிடும். மேல்முடியின் நல்ல நுனி போய்விடும், உதிர வேண்டிய செத்த முடியின் அடிப்பாகம் தோலுக்குள்ளேயே நின்றுவிடும், அடிமுடி மேலே ஏறிவரும். கொஞ்ச நாளில் கருப்பு நாய் செம்பட்டை அடித்துப்போகும், சிவப்பு நாய் வெளுத்துப்போகும், முதுகு சுருண்டு பொசுபொசுவென்று நிற்கும். செத்த முடியை வேரோடு கையால் எடுத்தால் அதே இடத்திலிருந்து புதுமுடி முழு நிறத்தோடு, தட்டையாக வரும். ஷோ முடி என்பது இப்படி மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்து உருவாக்குவது, ஷோவுக்கு முந்தைய வாரத்தில் கத்தரியால் செதுக்கிக் கொண்டுவருவது கிடையாது.

"அங்கிள், இந்த வெயிலுக்கு மொட்டை அடிச்சாதானே நாய்க்கு நல்லது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாய்க்குப் புழுக்கம் தருவது பெரும்பாலும் அடியில் அடைத்துக்கொண்டிருக்கும் செத்த பஞ்சுமுடிதான். அதை எடுத்துவிட்டால் தோலுக்குக் காற்று போகும், மேல்முடி வெயிலைத் தடுக்கும். ஒழுங்காகப் பறித்த முதுகில் கை வைத்துப் பாருங்கள், விரல் நேராகத் தோலைத் தொடும்.

ஜட்ஜ் என்ன பார்க்கிறார்?

மலேசியன் கென்னல் அசோசியேஷன் நடத்தும் ஷோக்களில் எஃப்.சி.ஐ. என்ற உலக நாய்ச் சங்கக் கூட்டமைப்பின் தர விவரணைப்படிதான் தீர்ப்பு, அதாவது ஒவ்வொரு இனமும் எப்படி இருக்கணும் என்று சொல்லும் ஏடு. இங்கிலீஷ் காக்கரின் தர விவரணை எண் 5, எட்டாவது குழு. அதில் முடி பற்றி இருப்பது சில வரிகள்தான்: தட்டையாக, பட்டுப்போல இருக்கணும், கம்பியாகவோ அலையாகவோ இருக்கக்கூடாது, அளவுக்கு மீறி அடர்ந்திருக்கக்கூடாது, சுருள் அறவே கூடாது. முன்னங்கால், உடல், பின்னங்காலில் குதிமூட்டுக்கு மேல் ஃபெதரிங் நன்றாக இருக்கணும். ஃபெதரிங் என்றால் காலிலும் வயிற்றிலும் தொங்கும் அந்த நீளமான பட்டுமுடி.

"அளவுக்கு மீறி" என்ற பகுதியைப் பலரும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். முடி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து தரையைப் பெருக்கும் அளவுக்கு வளர்க்கிறார்கள். இது புதரிலிருந்து பறவையைக் கிளப்பிவிட உருவான வேட்டை நாய், அந்த முடியோடு புதருக்குள் போனால் வெளியே வராது. இங்கிலாந்தின் க்ரஃப்ட்ஸ் ஷோவில் எச். எஸ். லாயிட் என்ற வளர்ப்பாளரின், 'ஆஃப் வேர்' என்று பெயர் முடியும் காக்கர்கள் 1930, 1931, 1938, 1939, 1948, 1950 என்று ஆறு முறை பெஸ்ட் இன் ஷோ என்ற முதல் பரிசை எடுத்தன. அந்தக் காலத்துப் படங்களைத் தேடிப் பாருங்கள், இன்றைய நாய்களுக்கு இருப்பதில் பாதி ஃபெதரிங்கூட இருக்காது, ஆனால் கழுத்தும் தோளும் முதுகும் ஒரே கோடாக ஓடும். அந்தக் கோட்டைக் காட்டத்தான் நாம் முடியை எடுக்கிறோம்.

இன்னொன்று, காக்கரை மேசைமேல் நிறுத்தி ஜட்ஜ் கையால் தடவிப் பார்ப்பார். தோளுக்கு மேல் முடியை அடர்த்தியாக விட்டு எலும்புக் குறையை மறைக்கலாம் என்று நினைத்தால் அந்தக் கைக்கு உடனே தெரிந்துவிடும்.

இணையத்தில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்பவர்கள் எந்த ஸ்பானியல் என்று கவனித்துப் பாருங்கள். அமெரிக்கன் காக்கர் வேறு இனம், அமெரிக்கன் கென்னல் கிளப் 1946இல் இரண்டையும் பிரித்துவிட்டது, அதற்கு முடியும் அதிகம், வெட்டும் முறையும் வேறு. ஸ்பிரிங்கர் ஸ்பானியலுக்கு இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். கேவலியர் ஸ்பானியல் வைத்திருப்பவர்கள் கத்தரியை உள்ளே வைத்துவிடுங்கள், அதன் தர விவரணை முடி வெட்டவே கூடாது என்கிறது.

என்னென்ன வேண்டும்?

பெரிய பட்டியல் தேவையில்லை. பல்லிடைவெளி ஒரு பாதி அகலமாகவும் மறுபாதி நெருக்கமாகவும் உள்ள ஸ்டீல் சீப்பு ஒன்று, மென்மையான ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பல் உள்ளது), முதுகுக்கு பிரிஸில் பிரஷ் (மயிர்க்குச்சு பிரஷ்), முடியின் அடர்த்தியைக் குறைக்க ஒரு பக்கம் மட்டும் பல் உள்ள தின்னிங் கத்தரி, பாதத்துக்குச் சின்ன நேர் கத்தரி, பத்தாம் நம்பர் பிளேடு போட்ட கிளிப்பர், நல்ல வேகமாகக் காற்று தள்ளும் ப்ளோயர், வழுக்காத மேசை. தின்னிங் கத்தரியில் மட்டும் காசு பார்க்காதீர்கள், மலிவானது முடியைக் கவ்வி இழுக்கும், நாய் அப்புறம் கத்தரியைக் கண்டாலே மேசையை விட்டுக் குதிக்கப் பார்க்கும்.

ஸ்ட்ரிப்பிங் கத்தி ஒன்றும் வாங்கலாம், அடிமுடியைச் சீவி எடுக்க. புதுக் கத்தி கூர்மையாக இருக்கும், அப்படியே பயன்படுத்தினால் முடியை வெட்டிவிடும், அப்புறம் கிளிப்பருக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. செங்கல்மேல் நாலைந்து தரம் தேய்த்து மழுங்கடித்துவிட்டுத்தான் நாயிடம் கொண்டுபோகணும்.

முக்கியமான கருவி கடைசியில்: பணம் எண்ணுபவர்கள் விரலில் மாட்டுகிற ரப்பர் உறை. எந்த எழுதுபொருள் கடையிலும் கிடைக்கும். கட்டைவிரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு ஒன்று. நம் ஊர் வியர்வைக் கையில் பட்டுமுடி நிற்காது, உறை போட்டால் நன்றாகப் பிடிக்கும்.

வாரா வாரம் செய்ய வேண்டியது

ஷோ இருக்கிறதோ இல்லையோ, வாரம் இரண்டு மூன்று முறை சீவியே ஆகணும். ஃபெதரிங்கை மேலோட்டமாக பிரஷ் செய்தால் வெளியே பளபளக்கும், உள்ளே சிக்கு கட்டியிருக்கும். ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, தோல் தெரிய வரிவரியாகச் சீவுங்கள். கடைசியில் ஸ்டீல் சீப்பு தோலிலிருந்து நுனிவரை தடங்கலில்லாமல் ஓடினால் சரி. அக்குள், காதுக்குப் பின்னால், தொடையிடுக்கு, இந்த மூன்றிலும்தான் சிக்கு முதலில் வரும்.

புல்வெளியில் நடந்து வந்தால் கெமுஞ்சுப் தேடுங்கள். நம் திடல்களில் முழங்கால் உயரத்துக்கு நிற்கிற, கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிற அதே புல்விதைதான். ஃபெதரிங்கில் ஒட்டிக்கொண்டால் உள்ளே உள்ளே ஏறும், விரலிடுக்கில் தோலைக் குத்திப் புண்ணாக்கும். சீப்பால் இழுத்தால் முடியும் சேர்ந்து அறும், விரலால் ஒவ்வொன்றாக எடுப்பதுதான் வழி. அப்போதே உண்ணியும் பாருங்கள். குளிர்காலம் இல்லாத ஊரில் உண்ணிக்கு விடுமுறை மாதம் என்று ஒன்று இல்லை, உண்ணி கடித்துச் சொறிந்த இடத்தில் முடி போனால் அது வளர்ந்து மற்ற முடியோடு சேர நாளாகும். தடுப்பு மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு விடாமல் கொடுங்கள்.

புகைமூட்டம் வரும் மாதங்களில் முடியில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். பாட்டிமார் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள், அன்பினால் சொல்வதுதான், ஆனால் ஷோ காக்கருக்கு வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், முடியை ஒட்டவைக்கும், பறிக்கும்போது விரல் வழுக்கும்.

முடியை வீட்டுக்குள் வைத்து எடுங்கள். வாசலிலோ அடுக்குமாடி நடைபாதையிலோ ப்ளோயரை ஓட்டினால் பக்கத்து வீட்டு வாசலுக்கு முடி பறக்கும். முஸ்லிம் அண்டைவீட்டாருக்கு அது வெறும் குப்பை விஷயம் இல்லை. பறித்த முடியைப் பையில் கட்டிப் போடுவதும் மின்தூக்கியில் போகும்போது நாயை ஓரமாக நிறுத்திக்கொள்வதும் நாம் செய்ய வேண்டிய மரியாதை.

கையால் பறிப்பது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

குட்டிமுடி பஞ்சாக இருக்கும். ஆறு மாதத்துக்கு மேல், சில நாய்களுக்கு ஒரு வயது நெருங்கும்போது, தலையிலும் முதுகிலும் அந்தப் பஞ்சு நிறம் மங்கித் தனியாக எழுந்து நிற்க ஆரம்பிக்கும். இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தால் கையோடு வரும், நாய் திரும்பிக்கூடப் பார்க்காது. அதுதான் தயார் என்பதற்கு அடையாளம். இழுக்கும்போது தோல் கூடவே எழுந்தாலோ நாய் நெளிந்தாலோ அந்த முடி இன்னும் உயிரோடு இருக்கிறது, விட்டுவிடுங்கள். முடி வளர்வது, நிற்பது, உதிர்வது என்று சுற்றில் ஓடுகிறது, உதிரும் கட்டத்துக்கு வந்த முடியைத்தான் நாம் எடுக்கிறோம், அதனால்தான் சரியாகச் செய்தால் வலி இல்லை.

குளிப்பாட்டிய முடி வழுக்கும், அதனால் குளிப்பாட்டுவதற்கு முன்பே பறியுங்கள். முதலில் நன்றாக பிரஷ் செய்து தூசியை எடுத்துவிட்டு, நாயை மேசையில் நிறுத்தி, விரலுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். இடது கையால் தோலை லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும், அது அவசியம், பிடிக்காவிட்டால் தோல் சேர்ந்து வந்து நாய்க்கு உறுத்தும். வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நீளமாக எழுந்து நிற்கும் முடியின் நுனியை மட்டும் பிடியுங்கள். ஐந்தாறு முடிக்கு மேல் வேண்டாம். முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே, மணிக்கட்டை மடக்காமல், தோளிலிருந்து கை மொத்தமும் நகர்கிற மாதிரி வெடுக்கென்று இழுங்கள். மேல்நோக்கியோ எதிர்த்திசையிலோ இழுத்தால் வலிக்கும், முடியும் நடுவில் அறும். வந்த முடியைப் பாருங்கள்: அடிமுனை காய்ந்து மெலிந்திருந்தால் சரியான முடி.

தலையில் தொடங்குங்கள். உச்சியில் நிற்கும் கொத்துமுடி முழுவதும் போய், மண்டை வழவழப்பாகி, பின்தலை எலும்பு தெரியவேண்டும். மீசை முடியைத் தொடாதீர்கள், அது நாய்க்கு உணர்வுமுடி. அப்புறம் கழுத்தின் மேற்பக்கம், தோள், முதுகு, இடுப்பு, பக்கவாட்டு. தோளில் மற்ற இடத்தைவிடக் கூடுதலாக எடுக்கவேண்டும். அங்கே முடி தடித்திருந்தால் கழுத்து குட்டையாகத் தெரியும், நல்ல தோளமைப்பு உள்ள நாய்கூட முன்பக்கம் கனத்துத் தெரியும். முழங்கையை ஒட்டிய பகுதியும் அப்படித்தான், முடி புடைத்தால் நடக்கும்போது முழங்கை வெளியே தள்ளுவது மாதிரி ஜட்ஜ் கண்ணுக்குப் படும். இடுப்பிலிருந்து வால்வரை முதுகு மெல்லச் சரிய வேண்டும் என்று தர விவரணை சொல்கிறது, வால் தொடங்கும் இடத்தில் முடி குவிந்திருந்தால் அந்தச் சரிவு உடைந்துவிடும். ஒவ்வொரு பத்துப் பதினைந்து இழுப்புக்கும் நாலடி பின்னால் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். கிட்டே நின்று பறித்துக்கொண்டே போனால் ஒரு இடத்தில் குழி விழுந்துவிடும்.

ஒரே நாளில் முடிக்காதீர்கள். இருபது நிமிடம், அரை மணி நேரம் போதும், நாய் பெருமூச்சு விட்டுத் தலையைத் திருப்பத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். முதல் தரம் முழு உடம்பையும் முடிக்கச் சில வாரம் ஆகலாம். அதற்கப்புறம் வாரா வாரம் எழும்பி நிற்பதை மட்டும் எடுத்துக்கொண்டே வந்தால், ஒரு பக்கம் பழையது போக மறுபக்கம் புதியது வந்து, முதுகு எப்போதுமே ரிங்குக்கு ஏற்ற நிலையில் இருக்கும். அடிமுடிக்கு மழுங்கிய கத்தியைத் தோலோடு படுக்கவைத்து, சீப்பு மாதிரி முடிபோகும் திசையில் மெதுவாக இழுங்கள். அழுத்தவேண்டாம். தோல் சிவந்தால் அன்றைக்குப் போதும்.

பறித்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். தோல் ஓய்வெடுக்க ஒன்றிரண்டு நாள் விடுங்கள்.

கடையில் கொடுத்துச் செய்பவர்கள் கையால் பறிக்கத் தெரியுமா என்று நேரடியாகக் கேளுங்கள், அவர்கள் செய்து முடித்த காக்கரின் படத்தைப் பாருங்கள், முடிந்தால் கூடவே நில்லுங்கள். இதற்கு நேரமும் காசும் கூடுதலாகத்தான் ஆகும், பேரம் பேசினால் கிளிப்பர்தான் வரும். ஷோ வளையத்தில் ஓடும் பழைய காக்கர் வளர்ப்பாளர் யாராவது பழக்கமானால் அவர் பக்கத்தில் ஒரு மதியம் நின்று கை எப்படிப் போகிறது என்று பார்ப்பது எல்லாவற்றையும்விட மேல்.

தொண்டையும் காதும்

கிளிப்பர் போகக்கூடிய இடங்கள் இவைதான். ஷோவுக்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்பே செய்துவிடுங்கள், அப்போதுதான் கோடு மறைந்து இயல்பாகும், தோல் எரிச்சல் இருந்தாலும் அடங்கிவிடும்.

பத்தாம் நம்பர் பிளேடு ஒன்றரை மில்லிமீட்டர் முடியை விடும். தாடைக்கு அடியிலிருந்து தொடங்கி மார்பெலும்பு முனைக்கு இரண்டு விரற்கடை மேலே நிறுத்துங்கள். இரு பக்கமும் எல்லை எங்கே என்று நாயே காட்டிக்கொடுக்கும்: காதடியிலிருந்து மார்புக்கு இறங்கும் கோட்டில் கழுத்துமுடியும் தொண்டைமுடியும் சந்தித்து ஒரு சின்ன வரப்பு மாதிரி எழுந்திருக்கும். அதைத் தாண்டாதீர்கள். முதல் தரம் முடியின் திசையிலேயே ஓட்டுங்கள், தோல் பழகியபின் எதிர்த்திசையில் போகலாம். பிளேடு சூடாகிறதா என்று அடிக்கடி உங்கள் உள்மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள்.

காதில் வெளிப்பக்கம் மேல் மூன்றிலொரு பாகம் மட்டும், முடியின் திசையில். நேரமிருந்தால் அதையும் கையாலேயே பறிக்கலாம், இன்னும் இயல்பாக இருக்கும். உள்பக்கம் காதுத் துளையைச் சுற்றி நன்றாக ஒட்ட எடுத்துவிடுங்கள், காதுக்கு அடியில் கழுத்திலும் அப்படியே. இதனால் காது கன்னத்தோடு படிந்து தொங்கும், தாழ்ந்த இடத்தில் இருப்பது மாதிரி சரியாகத் தெரியும். அதைவிட முக்கியம், காற்று உள்ளே போகும். காக்கருக்குக் காதுநோய் சீக்கிரம் வரும், நம் ஊர் ஈரத்தில் இன்னும் சீக்கிரம். புளித்த வாடையோ பழுப்பு மெழுகோ தெரிந்தால் ஷோவை மறந்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கிளிப்பர் போன இடத்துக்கும் பறித்த இடத்துக்கும் நடுவில் உள்ள படியைத் தின்னிங் கத்தரியால் கரைக்கவேண்டும். கத்தரியை முடிக்குள் கீழிருந்து மேலாக, முடி ஓடும் கோட்டுக்கு இணையாக நுழைத்து, ஒரு வெட்டு, உடனே சீப்பால் சீவி விழுந்ததை எடுத்துப் பார்த்து, தேவையென்றால் மட்டும் இன்னொரு வெட்டு. குறுக்கே வைத்து வெட்டினால் படிக்கட்டு விழும்.

பாதம், குதிமூட்டு, வால்

பாதத்தை விவரணை பூனைப்பாதம் போல என்கிறது: உருண்டு, இறுகி, திண்டு தடித்து. முதலில் நகம். நீண்ட நகம் விரல்களை விரித்துவிடும், எவ்வளவு நன்றாக வெட்டினாலும் பாதம் தட்டையாகத்தான் தெரியும். அடியில் திண்டுகளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முடியைத் திண்டோடு சமமாக வெட்டுங்கள், இடுக்குக்குள் கத்தரி முனையை விடவேண்டாம். கடை வராந்தாவின் மொசைக் தரையில் நாய் வழுக்காமல் நடக்க இதுவே பாதி உதவி. அப்புறம் பாதத்தைத் தரையில் வைத்து எடை போட்டு நிற்கவிட்டு, கத்தரியைச் சற்றுச் சாய்த்து விளிம்பைச் சுற்றி வெட்டுங்கள். விரல்களுக்கு நடுவில் இருக்கும் முடியை ஸ்லிக்கரால் மேலே இழுத்து, தின்னிங் கத்தரியால் விரல்மட்டத்துக்குக் குறையுங்கள். உள்ளே தோண்டி எடுத்தால் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும், இறுக்கம் போய்விடும்.

பின்காலில் குதிமூட்டிலிருந்து பாதம்வரை முடியைச் சீவி வெளியே நிறுத்தி, தின்னிங் கத்தரியால் மேலிருந்து கீழே ஒரே அகலமாக வரும்படி எடுங்கள். வாலின் அடியிலும் மலவாயைச் சுற்றியும் ஒட்டக் குறையுங்கள், வால் முழுதாக இருக்கும் நாயென்றால் ஃபெதரிங் அடியில் நீண்டு நுனிக்குப் போகப்போகச் சிறுக்கட்டும். வயிற்று ஃபெதரிங்கைப் பாவாடை விளிம்பு மாதிரி நேர்கோட்டில் வெட்டிவிடாதீர்கள். தரையில் இழுபடும் நுனிகளை மட்டும் ஒவ்வொன்றாக, இயல்பாக.

குளியலும் உலர்த்துவதும்

முதுகு முடி படிந்து உட்காரக் கொஞ்ச நேரம் வேண்டும், அதனால் முழுக் குளியல் ஷோவுக்கு இரண்டு நாள் முன்பு. முந்தைய மாலை காது, ஃபெதரிங், பாதம் மட்டும் மறுபடி. தண்ணீர்த் தடை முடிந்து குழாயில் பழுப்புத் தண்ணீர் வரும் நாளாக இருந்தால் தொட்டி தெளியும்வரை காத்திருங்கள், வெள்ளை கலந்த நாய்களுக்குக் கறை தெரியும். ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். கண்டிஷனர் ஃபெதரிங்குக்கும் காதுக்கும் மட்டும், முதுகில் போட்டால் முடி மிருதுவாகிக் குலைந்துவிடும். அலசுவது போதும் என்று தோன்றியபின் இன்னொரு முறை அலசுங்கள்.

கோலாலம்பூரில் உண்மையான சோதனை உலர்த்துவதில்தான். சாயங்காலம் இடிமழை பெய்து காற்றே நனைந்திருக்கும்போது "தானே காயட்டும்" என்று விட்ட காக்கர் காயவே காயாது. தோல் ஈரமாக இருக்க இருக்க முதுகு அலை அலையாகும், அக்குளில் பூஞ்சை வாடை வரும், ஒரே இரவில் ஈரப்புண் விழுந்துவிடலாம். சன்னலை மூடி ஏர்கானை டிரை நிலையில் போட்டு, அந்த அறையில் செய்யுங்கள்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள். முதுகு முடியைச் சீப்பால் தட்டையாகப் படியவைத்து, அதன்மேல் காய்ந்த துண்டை விரித்து இறுக்கி, மார்புக்கு அடியிலும் வயிற்றுக்கு அடியிலும் பெரிய சேஃப்டி பின் போட்டுக் கோர்த்துவிடுங்கள். முதுகு துண்டுக்குள் தட்டையாகக் காய்ந்துகொண்டிருக்கும்போது நீங்கள் ப்ளோயரை எடுத்து ஃபெதரிங்கை மேலிருந்து கீழாக பிரஷ்ஷால் நீவிக்கொண்டே உலர்த்தலாம். காது, முன்கால், வயிறு, பின்கால். முதுகு முக்கால்வாசி காய்ந்ததும் துண்டை எடுத்துவிட்டு, குளிர்ந்த காற்றை முடியின் திசையிலேயே விட்டு பிரிஸில் பிரஷ்ஷால் முடித்துவிடுங்கள். சூடான காற்றை நேராக அடிக்காதீர்கள், கூண்டுக்குள் வைத்துச் சூடான காற்றைத் திருப்பிவிட்டு வேறு வேலைக்குப் போவது இந்தச் சூட்டில் நாயின் உயிருக்கே ஆபத்து.

காய்ந்துவிட்டதா என்று புறங்கையால் பாருங்கள், உள்ளங்கைக்கு ஈரம் சரியாகத் தெரியாது. அக்குள், காதடி, விரலிடுக்கு, தொடையிடுக்கு. எங்கே சில்லென்று படுகிறதோ அங்கே இன்னும் ஈரம் இருக்கிறது.

ஷோ நாள்

எஃப்.சி.ஐ. ஷோ விதிப்படி முடி, தோல், மூக்கு எதற்கும் தன்மையையோ நிறத்தையோ உருவத்தையோ மாற்றும் எதையும் போடக்கூடாது. வெட்டுவது, பிரஷ் செய்வது, சீவுவது மட்டும்தான் அனுமதி. தேவைக்கு மேல் நாயை மேசையில் கட்டி வைப்பதும் தடை. அதனால் நாய் முடிந்த வேலையோடு வீட்டிலிருந்து கிளம்பணும், அங்கே போய்ச் சரிசெய்யலாம் என்று எதையும் மீதி வைக்காதீர்கள்.

பழைய டீசட்டையின் கையை வெட்டிக் காதுமேல் மாட்டிவிட்டால் சாப்பிடும்போதும் தண்ணீர் குடிக்கும்போதும் காதுமுடி நனையாது. உறை இருக்கும்போது காது எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள், உறையைக் கழற்றும்போது கத்தரி எடுக்கவே வேண்டாம். காரில் ஏர்கான் போட்டே வைத்திருங்கள், வண்டியை நிறுத்தியபின் ஒரு நிமிடம்கூட நாயை உள்ளே விட்டுப் போகாதீர்கள். வண்டியிலிருந்து ஹாலுக்கு நடக்கும்போது முதல்நாள் மழையில் ஊறிய புல்லைத் தவிர்த்து, சுற்றிப் போனாலும் சிமெண்டுத் தரையில் போங்கள், முடியாவிட்டால் தூக்கிக்கொள்ளுங்கள். 13, 14 கிலோ நாய்தான்.

ரிங்குக்கு முன் ஒரு முறை முதுகில் பிரிஸில் பிரஷ், ஃபெதரிங்கில் சீப்பு, வாயோரத்தில் எச்சில் இருந்தால் பஞ்சால் ஒற்றி எடுப்பது. அவ்வளவுதான். மேசைமேல் நிற்கவைத்தபின் ஃபெதரிங்கைத் திரும்பத் திரும்பச் சீவிக்கொண்டிருந்தால் நாய் ஆடும், ஜட்ஜின் கண் முடிக்குப் போகும். கைகளை எடுத்துவிட்டு நாயை நிற்கவிடுங்கள்.

ஜட்ஜ் ஏதாவது சொன்னால் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், எந்த இடத்தில் முடி கனமாக இருந்தது, எங்கே அலை தெரிந்தது என்று. வீட்டுக்கு வந்ததும் உண்ணி பார்த்து, பாதத்தைக் கழுவி உலர்த்தி, ஒரு முறை முழுதாகச் சீவிவிடுங்கள். அடுத்த ஷோ ஐந்தாறு வாரத்தில் இருந்தால் கிளிப்பரையும் கத்தரியையும் அதுவரை தொடவேண்டாம், தொண்டையும் காதும் தானாக வளரட்டும். முதுகில் எழும்பி நிற்பதை மட்டும் வாராவாரம் எடுத்துக்கொண்டே இருங்கள், ஷோவுக்குப் பத்து நாள் முன்பு மறுபடி தொண்டையிலிருந்து ஆரம்பிக்கலாம்.